பத்து போல்ட்டும் டீச்சரின் காலும்

டீச்சர் தூக்கத்திலும் பிரேக் போடுவாள். நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. மிதி வாங்கியவரே, அதாவது அவளுடைய வீட்டுக்காரரே, தான் வேலை செய்யும் அச்சகத்தில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறார். மனிதர் நிம்மதியாகப் படுத்திருப்பாராம். திடீரென்று பக்கத்திலிருந்து ஒரு கால் வந்து கணுக்காலில் ஓங்கி ஒரு மிதி மிதிக்குமாம். "இப்ப யாரு குறுக்க வந்தது?" என்று கேட்டால், டீச்சர் கண்ணைத் திறக்காமலே "சைக்கிள்காரன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாளாம்.

பஸ்ஸில் போனாலும் அதே கதைதான். அடுத்தவர் காரில் ஏறினால் இன்னும் மோசம். ஓட்டுகிறவர் முந்திப் போகப் பார்த்தால் போதும், டீச்சரின் கால் தரை விரிப்பை அழுத்தும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு, தனக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக் மேல் வருஷக்கணக்காகக் காலை வைத்தபடி உட்கார்ந்தால் அப்படித்தான் ஆகும். அந்தக் காலுக்கு ஓய்வு என்றால் என்னவென்றே தெரியாது.

முன்பு அவள் ஒரு பார்சல் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். டிரைவர் வராத நாளில் வேனை எடுத்துப் போய்ப் பார்சல் போட்டுவிட்டு வந்தாள். முதலாளி வாயைப் பிளந்தார். அதற்குப் பிறகு அவளுக்குக் கணக்கில் மனம் ஒட்டவில்லை. ஒரு பழைய டீசல் காரை வாங்கினாள். வீட்டுக்காரரின் தம்பி மெக்கானிக். அவன்தான் பக்கத்து இருக்கைக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்துக்கொடுத்தான். பெண்களாகத் தேடி வந்தார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம்: டீச்சர் கத்தமாட்டாள். "கத்துறதுக்குத்தான் வண்டியில ஹாரன் வெச்சிருக்கானே, அப்புறம் நான் எதுக்கு?" என்பாள். அவளுடைய முதல் மாணவர் வீட்டுக்காரர்தான். முதல் தோல்வியும் அவர்தான். இன்றுவரை அந்த மனிதர் சைக்கிளோடு சரி.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செய்த கம்பெனியே அதை மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் இன்ஜின் கல்லுக்குண்டு. அதற்கு ஒரு பழக்கம் உண்டு. நிறுத்தினால் மற்ற வண்டிகள்போல டக்கென்று அடங்காது. இரண்டு தடவை குலுங்கும், அப்புறம் வேலை முடிந்த ஆள் நாற்காலியில் சாய்வதுபோல நீளமாக ஒரு பெருமூச்சு விடும். டீச்சர் இதையே பாடமாக்கிவிட்டாள். "வண்டி ஆஃப் ஆயிடுச்சுன்னா பதறாதீங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, அது பெருமூச்சு விடுறவரைக்கும் காத்திருங்க. அதுக்கப்புறம் சாவியைத் தொடுங்க." எந்தப் பெண்ணுக்கு எது மறந்தாலும் இது மறக்காது.

இப்போது, டீச்சரிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு நர்ஸின் கதைக்கு வருவோம். ஆள் குள்ளம். முதுகுக்கு ஒரு தலையணை, கீழே ஒரு தலையணை வைத்தால்தான் ரோடு தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி. வீட்டில் அவளும் பள்ளிக்கூடம் போகும் மகளும் மட்டும்தான். தினமும் மகளைப் பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். ஒரு கிளினிக்கில் பகல் வேலை காலியாக இருந்தது. படுக்கையோடு கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. கார் கிளினிக்கே கொடுக்கும், ஆனால் தானே ஓட்ட வேண்டும். "வியாழக்கிழமை டெஸ்ட்ல பாஸ் ஆயிட்டா வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்துடுங்க, இல்லேன்னா வேற ஆளை எடுத்துடுவோம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த டெஸ்டை விட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்து.

மேட்டில் நிறுத்தி எடுப்பதுதான் அவளுக்கு எமன். ஆனாலும் மெல்ல மெல்லப் படிந்து வந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் கார் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றது.

கொழுந்தன் பானெட்டைத் திறந்து பார்த்தான். "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு அண்ணி. ஒண்ணும் பயமில்ல, கழட்டி மாட்டிடலாம்." கழட்டினான். புதுக் கேஸ்கெட் கிடைத்தது. ஹெட் என்பது இன்ஜினின் மூடி; கேஸ்கெட் அதற்கடியில் கசியாமல் அடைக்கும் தகடு. மூடியைப் பத்து நீளமான போல்ட்கள் பிடித்துக்கொண்டிருக்கும். "இதையும் புதுசா போட்டுடலாமா?" என்று டீச்சர் ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தாள்.

"எதுக்கு அண்ணி? ஒவ்வொண்ணும் இரும்பு உலக்கை மாதிரி இருக்கு. வேற வண்டிக்கெல்லாம் நான் பழசைத்தான் போடுறேன்" என்றான் அவன்.

அவளுக்கும் அவசரம். சரி என்றுவிட்டாள்.

இறுக்கும்போது கடைசிச் சுற்றில் ஒரு சத்தம். டக்! ஒரு போல்ட்டின் தலை மட்டும் ஸ்பேனரோடு கையில் வந்தது. மிச்சம் உள்ளே நின்றுவிட்டது. கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. உடைந்த துண்டைத் துளை போட்டு வெளியே எடுப்பதற்குள் அவனுக்கு ஒரு பகல் போய்விட்டது. எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனவன்தான். அன்று அண்ணன் வீட்டில் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

"அவனைத் திட்டினியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"திட்டியிருந்தா சாப்பிட்டிருப்பான். திட்டலையே, அதான் வரல."

இப்படித்தான் திங்கட்கிழமை காலையில், உடையாத போல்ட் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, டீச்சர் உதிரிபாகக் கடைத்தெருவுக்குக் கிளம்பினாள். ராத்திரி டியூட்டி முடிந்த கையோடு, கண் சிவந்து நர்ஸும் வந்து நின்றாள்.

"நீங்க போய்த் தூங்குங்க நர்ஸம்மா."

"எனக்கு எங்கக்கா தூக்கம் வருது? இன்னொரு டிரைவிங் ஸ்கூல்ல புதுக் காரை ஓட்டிப் பார்த்தேன். கிளட்ச் பஞ்சு மாதிரி. தொட்டதும் பாயுது. எனக்கு நம்ம வண்டிதான்க்கா சரி."

முதல் கடையில் போல்ட்டை வெளியே எடுப்பதற்குள்ளேயே கேள்வி வந்தது. "எந்த வண்டிக்கு?" டீச்சர் வண்டியின் பேரைச் சொன்னாள். கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "இங்க பாருய்யா, அந்த வண்டி இன்னும் ஓடுதாம்!" என்று சிரித்தார். அடுத்த கடையிலும் அதே கேள்வி, அதே சிரிப்பு. அதற்கடுத்த கடையில் சிரிக்கவில்லை, அனுதாபப்பட்டார்கள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பழைய வண்டிகளை உடைக்கும் இடத்துக்கும் போனார்கள். அங்கே அதே மாதிரி கார் ஒன்று கிடந்தது. இன்ஜின் இருந்த இடத்தில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு போல்ட் கடையில் கிடைத்தேவிட்டது என்று நினைத்தார்கள். கடைக்காரர் ஒரு டப்பாவிலிருந்து நீள போல்ட் ஒன்றை எடுத்து, மரையோடு மரை வைத்துக் காட்டினார். பல்லோடு பல் பொருந்தியது. நீளமும் கிட்டத்தட்டச் சரி. நர்ஸுக்கு உயிர் வந்தது. "அக்கா, கிடைச்சிடுச்சு!"

டீச்சர் இரண்டு போல்ட்டின் தலையையும் திருப்பிப் பார்த்தாள். பழைய போல்ட்டின் தலையில் அதன் பலத்தைச் சொல்லும் எண் பொறித்திருந்தது. புதியதன் தலை மொட்டையாக இருந்தது. "இது எதுக்கு மாட்டுற போல்ட்?"

"கேட்டு, கூரை, எல்லாத்துக்கும் போகும்மா. இரும்பு இரும்புதானே? சும்மா மாட்டுங்க, ஒரு மாசம் ஓடும்."

"அக்கா, எனக்கு வியாழக்கிழமை ஒரு நாள் ஓடினா போதும்" என்றாள் நர்ஸ் மெதுவாக. சொல்லிவிட்டு, கேட்டது தப்போ என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டீச்சருக்கும் ஆசைதான். ஒரு நாள். ஒரே ஒரு மேடு. ஆனால் அந்த வண்டியில் பயந்து பயந்து ஏறும் ஒவ்வொரு பெண்ணிடமும் "நான் இருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித்தான் அவள் சாவியைக் கையில் கொடுப்பாள். கூரைக்குப் போகிற போல்ட்டை இன்ஜினில் மாட்டிவிட்டு அந்த வார்த்தையை எந்த வாயால் சொல்வது? டப்பாவைத் திருப்பித் தள்ளினாள். தெருவுக்கு வந்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "என் மேல கோபம்னா திட்டிடுங்க நர்ஸம்மா."

"உங்க கிட்ட படிச்சிட்டு எப்படிக்கா திட்டுறது? ஹாரன்தான் அடிக்கணும்" என்றாள் நர்ஸ். இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்கள்.

தெருவின் கடைசிக் கடையிலும் கையை விரித்துவிட்டார்கள். அங்கே நிற்கும்போதுதான் கரண்ட் போனது. தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. பேச முடியவில்லை. பக்கத்துப் பல் ஆஸ்பத்திரியின் படியில் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். நர்ஸ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. ஒவ்வொரு ஜெனரேட்டராக அணைந்தது. கடைசியாக, அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே, ஆஸ்பத்திரிச் சந்துக்குள்ளிருந்து ஒன்று அணைந்தது.

குலுங்கியது. இன்னொரு தடவை குலுங்கியது. அப்புறம் நீளமாக ஒரு பெருமூச்சு.

நர்ஸின் கை தானாக இல்லாத சாவியைத் தேடியது. கண்ணைத் திறந்து, "அக்கா! யாரோ நம்ம வண்டியை எடுத்துட்டு வந்துட்டாங்க!" என்றாள்.

டீச்சர் அதற்குள் சந்துக்குள் ஓடிவிட்டாள். அங்கே காரும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. பச்சைப் பெட்டிக்குள் ஒரு ஜெனரேட்டர் சூடாக நின்றது. வாட்ச்மேன் ஓடி வந்து வழிமறித்தார். "பல்லு வலிக்கு அந்தப் பக்கம்மா, இது ஜெனரேட்டர்."

"அண்ணே, இதோட கதவை ஒரு தடவை திறந்து காட்டுங்க. புண்ணியமாப் போகும்."

வாட்ச்மேன் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். இப்படியொரு வேண்டுதலை அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை போல. ஆனாலும் திறந்தார். உள்ளே இருந்தது அதே இன்ஜின்தான். நீலப் பெயின்டுக்குப் பதில் பச்சைப் பெயின்ட், அவ்வளவுதான். அட, இரண்டு நாளாகக் கடை கடையாக ஏறி வண்டியின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேரைக் கேட்டதும் கதவு சாத்திக்கொண்டது. இன்ஜினோ வண்டியை விட்டு இறங்கி, வேறு உத்தியோகம் தேடிக்கொண்டு, நன்றாகத்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறது!

பெட்டிக் கதவில் ஜெனரேட்டர்காரரின் போன் நம்பர் ஒட்டியிருந்தது. டீச்சர் கூப்பிட்டாள். இந்தத் தடவை வண்டியின் பேரைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"ஹெட் போல்ட்டா? முழு செட்டே இருக்கும்மா. குடோனுக்கு வாங்க" என்றது அந்தப் பக்கத்துக் குரல், என்னவோ தீப்பெட்டி கேட்டதுபோல.

குடோன் ஊரின் மறுகோடியில். ஜெனரேட்டர்காரர் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்தார். பத்தும் பளபளவென்று இருந்தன. தலையில் அதே எண். டீச்சர் கைக்குட்டையிலிருந்து தன் போல்ட்டை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தி வைத்தாள். புதியது ஒரு மயிரிழை குட்டையாக இருந்தது.

"போச்சு" என்றாள். "இதுவும் இல்ல."

"எது போச்சு?" என்றார் அவர். பழைய போல்ட்டைக் கையில் வாங்கி நடுப்பகுதியை விரலால் தடவினார். "இங்க தொட்டுப் பாருங்க. இடுப்பு ஒட்டிப்போயிருக்கா? புதுசு குட்டையில்லம்மா, பழசுதான் இழுபட்டு நீண்டுபோச்சு. இந்த இன்ஜின்ல போல்ட்டை இறுக்குறப்போ அது கொஞ்சம் நீளும், அப்படி நீண்டாத்தான் பிடிக்கும். ஒரு தடவைதான் தாங்கும். ரெண்டாவது தடவை மாட்டினீங்கன்னா..."

"டக்குன்னு தலை கையில வரும்" என்றாள் டீச்சர்.

"அட, தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்க."

புதன்கிழமை காலை அவள் பட்டறைக்குப் போய்ப் பொட்டலத்தைக் கொழுந்தன் முன்னால் வைத்தாள். பழைய போல்ட்டின் ஒட்டிய இடுப்பையும் காட்டினாள். அவன் அதைத் தடவிப் பார்த்தான், புதியதைத் தடவிப் பார்த்தான், அப்புறம் டீச்சரைப் பார்த்தான். "எல்லாம் என்னாலதான் அண்ணி. எல்லா வண்டி மாதிரியும் இதையும் நினைச்சுட்டேன்."

"நானும்தானே சரின்னேன்? முதல்ல சாப்பிடு, அப்புறம் இறுக்கு." டிபன் பெட்டியை அவன் கையில் திணித்தாள். அவன் வழித்துச் சாப்பிட்டான்.

ஹெட்டை இறக்கி வைத்து, பத்து போல்ட்டையும் வரிசை மாறாமல் முடுக்கிக்கொண்டு வந்தான். நடுவிலிருந்து ஓரத்துக்கு, முதல் சுற்று, இரண்டாம் சுற்று. எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசிக் கால்வாசித் திருப்புக்கு வந்ததும் அவன் கை நின்றுவிட்டது. அன்றைக்கு உடைந்த அதே இடம்.

டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில், காரில் எந்தப் பக்கம் உட்காருவாளோ அந்தப் பக்கம், போட்டு உட்கார்ந்தாள். "மெதுவா. பதறாத. நான் இருக்கேன், ஒண்ணும் ஆகாது. கையை நிறுத்தாம ஒரே இழுவையா இழு."

"அண்ணி, நான் என்ன உங்ககிட்ட லைசென்ஸ் எடுக்கவா வந்திருக்கேன்?"

"வந்திருந்தா இவ்வளவு நேரத்துல பாஸ் ஆயிருப்ப. இழுடா."

சிரித்துக்கொண்டே இழுத்தான். போல்ட் முனகியது. முனகி, நீண்டு, பிடித்துக்கொண்டது. அப்பாடா! மீதியும் அப்படியே. சாயந்திரம் சாவியைத் திருகியபோது கார் முதல் திருகிலேயே பிடித்தது, புகையும் இல்லை, ஒழுகலும் இல்லை. அணைத்துப் பார்த்தார்கள். இரண்டு குலுக்கல், ஒரு பெருமூச்சு. கொழுந்தன் பானெட்டை ஒரு தட்டுத் தட்டினான். அவன் கண் கலங்கியிருந்ததை டீச்சர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மைதானத்தில் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் டீச்சரும் கொழுந்தனும் நின்றார்கள். டெஸ்டின்போது கற்றுக்கொடுத்தவர் வண்டியில் இருக்கக் கூடாது. டீச்சரின் இடத்தில், இரண்டாவது பிரேக் பக்கம், டெஸ்ட் எடுக்கும் அதிகாரி உட்கார்ந்திருந்தார். நர்ஸ் இரண்டு தலையணைகளுக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வளைவு சரி, பின்னால் எடுத்தது சரி. அப்புறம் மேடு. ஏறினாள், நடுமேட்டில் நிறுத்தினாள். எடுக்கும்போது கிளட்ச் ஒரு நொடி முந்திவிட்டது. கார் குலுங்கியது.

இந்தப் பக்கம் டீச்சரின் கால் மண்ணை மிதித்தது. மிதித்து என்ன பயன்? கம்பி வேலிக்குப் பிரேக் இல்லையே. "போச்சு அண்ணி" என்றான் கொழுந்தன்.

"வாயை மூடு. அதுல ரெண்டாவது குலுக்கல் பாக்கி இருக்கு."

இரண்டாவது தடவை குலுங்கியது. கார் ஒரு சாண்கூடப் பின்னால் உருளவில்லை. நர்ஸ் பிரேக்கை மிதித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஜின் பெருமூச்சு விட்டது. அதை முழுசாக விட்டு முடிக்கவிட்டு, அதற்குப் பிறகுதான் அவள் சாவியைத் தொட்டாள். கார் உறுமிப் பிடித்தது. அப்படியே, கொதிக்கிற பாலைத் தூக்கிக்கொண்டு போகிறவள்போல, அவ்வளவு பதமாக மேட்டின் உச்சிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

அதிகாரி இறங்கி வந்து வேலியருகே நின்றார். "வண்டி ஆஃப் ஆனதும் எல்லாரும் கன்னாபின்னான்னு சாவியைத் திருகுவாங்க. இவங்க எதுக்கோ காத்துட்டிருந்தாங்களே, எதுக்குங்க?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே தாளில் 'பாஸ்' என்று எழுதினார். "பெருமூச்சுக்குங்க" என்றாள் டீச்சர்.

திரும்பும்போது டீச்சர் தன் வழக்கமான இடத்தில் ஏறினாள். கொழுந்தன் பின்னால். நர்ஸ் ஓட்டினாள். "நாளைக்கு வேலையில சேர்ந்துடுவேன்க்கா. ராத்திரிக்கு எம் பொண்ணு எம் பக்கத்துலதான் படுப்பா" என்றாள், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போனது. நர்ஸ் அவசரப்படவில்லை. இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனாள்.

டீச்சர் செருப்பைக் கழற்றினாள். பிரேக் மேலிருந்த காலை எடுத்தாள். இரண்டு கால்களையும் மடக்கி, சின்னப் பெண்போல இருக்கையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் கார் வந்து நின்று, இரண்டு தடவை குலுங்கிப் பெருமூச்சு விட்டது. வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் திறந்தார். "என்னாச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"உஷ்" என்றாள் நர்ஸ். "பாதி வழியிலேயே தூங்கிட்டாங்க."

அந்த மனிதர் நம்பவில்லை. கதவைப் பிடித்தபடி குனிந்து மனைவியின் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கால் அசையவே இல்லை.